ராயபுரம் போர்ப்பட வகுப்பு: 4,500 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

வடசென்னையில் கேமரா வைத்திருப்பவர்கள் கைபேசியில் எல்லாம் கொஞ்ச நாளாக ஒரு போஸ்டர் சுற்றுகிறது. ஹெலிகாப்டர், புழுதி, முழங்காலிட்டு கேமராவைக் கண்ணில் வைத்த ஒரு சிப்பாய், கீழே சிவப்பு எழுத்தில் ‘போர்க்களப் புகைப்படம், ஒரு நாள் நேரடிப் பயிற்சி’. கட்டணம் 4,500 ரூபாய். சாகசம் வேண்டும் என்று போகிறவர்கள் அந்தக் காசில் ஒரு நல்ல ஃபில்டர் வாங்கிக்கொள்ளலாம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று படம் எடுத்துப் பிழைக்கிற என்னைப் போன்றவர்கள் தாராளமாகப் போகலாம். இங்கே உருப்படியாகக் கற்றுக்கொடுப்பது எல்லாம் கேமராவைக் கீழே வைத்த பிறகு செய்கிற வேலை: படத்துக்குக் கீழே என்ன எழுதுவது, எப்படிப் பத்திரப்படுத்துவது, படத்தில் எதைத் தொடக்கூடாது. போஸ்டரில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. போட்டிருந்தால் ஒருத்தனும் வந்திருக்க மாட்டான், அது வேறு விஷயம்.

நடத்துபவர் தன் பெயரை எங்கும் எழுதவேண்டாம் என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டார், அதனால் சார் என்றே வைத்துக்கொள்வோம். புரசைவாக்கத்தில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போய், அங்கே தரைப்படையில் சேர்ந்து, ‘காம்பாட் கேமரா’ என்கிற, ராணுவத்துக்காகப் போர்க்களத்தைப் படம் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்து, ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டவர். இப்போது ஓய்வு. அம்மாவோடு இருக்க வருஷத்தில் சில மாதம் சென்னைக்கு வருகிறார், அந்தச் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வகுப்பு. பேசுவது புரசைவாக்கத்துத் தமிழ்தான், நடுநடுவே அமெரிக்க ராணுவச் சுருக்கெழுத்துகள் வந்து விழும், கையைத் தூக்கிக் கேட்டால் நின்று விளக்குவார், கேட்காவிட்டால் அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். கேட்டுவிடுங்கள்.

காலை ஐந்து மணிக்கு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஆரம்பம். வந்தவர்கள் ஒவ்வொருவர் முதுகிலும் மணல் நிரப்பிய ஒரு பையை மாட்டிவிட்டார்கள். வெளிநாட்டில் பணியில் இருக்கும்போது உடம்பில் போடும் கவசம் மட்டுமே தகடுகளோடு பதினாலு பதினைந்து கிலோ வருமாம், அதற்கு மேல் ஹெல்மெட், துப்பாக்கி, தண்ணீர், இரண்டு கேமரா, பேட்டரி. எங்களுக்குக் கொடுத்தது அதில் பாதிகூட இருக்காது, ஆனாலும் ஏலம் நடக்கிற இடத்தில், ஈரத் தரையில், ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து படம் எடுத்துப் பார்த்தால் தெரியும். பத்து நிமிடத்தில் எல்லாரும் நின்ற உயரத்திலேயே படம் எடுக்க ஆரம்பித்துவிட்டோம், யாருக்கும் முட்டி போட மனசு வரவில்லை. சார் அதைத்தான் எதிர்பார்த்திருக்கிறார். “களைச்சவன் எடுக்கற படம் எல்லாம் ஒரே ஹைட்ல இருக்கும், பாத்துக்கோங்க” என்றார். பிற்பகலில் எல்லார் படங்களையும் வரிசையாகத் திரையில் ஓடவிட்டபோது பார்த்தோம், உண்மைதான்.

படம் எடுத்து முடித்ததும் சோதனை. ஒவ்வொருவரும் மூன்று படம் தேர்ந்தெடுத்து, கால் மணி நேரத்தில் குறிப்போடு ஒப்படைக்கவேண்டும். யார், என்ன செய்கிறார், எங்கே, எப்போது, ஏன். இதில்தான் பாதிப் பேர் விழுந்தார்கள். அருமையான படங்கள், பெட்ரோமாக்ஸ் காலத்து ஓவியம் போல வெளிச்சம், கீழே எழுத ஒன்றும் இல்லை. ‘மீன் விற்கும் பெண்மணி, காசிமேடு’. சார் அதைப் படித்துவிட்டு, “இது குறிப்பு இல்ல தம்பி, படத்தைப் பாத்தாலே தெரியற விஷயத்தை எதுக்கு எழுதினீங்க?” என்றார். பெயர் கேட்கப் போன ஒரு தம்பிக்குக் கிடைத்த பதில், “பேரு எதுக்கு? லோன் வாங்கித் தரப் போறியா? மொதல்ல வழிய விடு.”

அப்புறம் சார் தானே அந்த அம்மாவிடம் போனார். கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்து, நெத்திலி என்ன விலை என்று ஆரம்பித்து, பேரம் பேசி ஒரு கிலோ வாங்கினார். பெயர், ஊர், எத்தனை வருஷமாக இந்த இடத்தில் உட்காருகிறார், படகு யாருடையது எல்லாம் அந்தப் பேரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. வாங்கிய காசுக்கு மீன், பெயருக்கு மரியாதை. ஆப்கன் கிராமங்களில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தேநீர்க் குவளையோடு இதையேதான் செய்வார்களாம். மதியச் சாப்பாட்டுக்கு அந்த நெத்திலி வறுவலாக வந்தது என்பதையும் நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

பிறகு ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடி ஹாலில் வகுப்பு. ஏசி உண்டு, ப்ரொஜெக்டர் சுமார், நாற்காலி பிளாஸ்டிக். முதல் ஒரு மணி நேரம் யார் இந்த ஆட்கள் என்கிற விளக்கம். போர்ப் புகைப்படக்காரர் என்றதும் நாம் நினைப்பது பத்திரிகைக்காரர்களை, ராபர்ட் காப்பா மாதிரி ஆட்களை. அவர்கள் குடிமக்கள். 1977ஆம் ஆண்டு ஜெனீவா கூடுதல் நெறிமுறையின் 79ஆவது பிரிவும் அவர்களைக் குடிமக்களாகவே பாதுகாக்கச் சொல்கிறது. ராணுவத்தின் சொந்தப் புகைப்படக்காரர் சிப்பாய். சீருடையும் துப்பாக்கியும் உண்டு, எதிரி அவரைச் சுடலாம், பிடித்தால் போர்க்கைதி. சண்டை முற்றினால் கேமராவைத் தொங்கவிட்டுத் துப்பாக்கியை எடுக்கவேண்டும், பக்கத்தில் ஒருவருக்கு அடிபட்டால் முதலுதவி முதலில், படம் பிறகு.

அவர் எடுக்கிற படம் முதலில் போவது தளபதிகளுக்கு. பாலம் நிற்கிறதா இடிந்ததா, கைப்பற்றிய ஆயுதம் எந்த ரகம், கதவை உடைப்பதற்கு முன்னால் வீடு எப்படி இருந்தது, பின்னால் எப்படி இருந்தது. நஷ்ட ஈடு கேட்டு வீட்டுக்காரர் வந்தால் அந்தப் படம்தான் சாட்சி. இதில் அழகான படம் என்று எதுவும் இல்லை. தன் வாழ்நாளில் அதிகம் எடுத்தது சுவர்களையும் டயர்களையும்தான் என்று சார் சொன்னபோது, போஸ்டரில் இருந்த ஹெலிகாப்டரை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

கருவிகள் பற்றிய பகுதி சுருக்கமாக, நன்றாக இருந்தது. ஆப்கன் புழுதி முகப்பவுடர் போல மென்மையானது என்பதால் வெளியில் லென்ஸ் மாற்றவே மாட்டார்களாம். இரண்டு கேமரா, ஒன்றில் கிட்டத்துக்கு 24-70 லென்ஸ், மற்றதில் தூரத்துக்கு 70-200, மாட்டியது மாட்டியபடி இருக்கும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டு மாற்றுவது. இரவில் ஃபோகஸ் உதவி விளக்கை அணைத்து, திரையில் படம் தானாகத் தோன்றுவதை நிறுத்தி, மிச்சம் மின்னுகிற எதன் மேலும் கறுப்பு டேப். இருட்டில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் போதுமாம் ஆள் இருக்கிற இடம் தெரிய. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற ஆஸ்ட்ரோஸ்கோப் என்கிற இரவுப்பார்வைக் கருவியால் எடுத்த பச்சைப் படங்களைக் காட்டினார். அனுப்புவதற்கு பிகான் என்கிற செயற்கைக்கோள் பெட்டி. அதிகபட்ச வேகமே நொடிக்கு 492 கிலோபிட்தான், அதுவும் எல்லா நேரமும் கிடைக்காது, எனவே நூற்றுக்கணக்கில் எடுத்தாலும் மூன்று நான்கு படத்தைச் சிறிதாக்கி முதலில் அனுப்புவார்கள், மிச்சம் முகாமுக்குத் திரும்பிய பிறகு. காசிமேட்டில் மூன்றே படம் கேட்டதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

நமக்குப் புழுதியை விட உப்புக்காற்றும் ஈரமும்தான் எதிரி. மெரினாவில் ஒரு மாலை எடுத்துவிட்டு துடைக்காமல் பையில் வைத்தால் என்ன ஆகும், மழைக்காலத்தில் அலமாரியில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை எப்படி வலை பின்னும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்கான பராமரிப்பு பற்றி அவரிடம் பெரிதாக எதுவும் இல்லை. வந்திருந்தவர்களில் வயதான ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர்தான், பிளாஸ்டிக் அரிசி டப்பா, சிலிக்கா ஜெல், ஈரமானி என்று எழுந்து நின்று சொல்லிக்கொடுத்தார். கைதட்டல் அவருக்குத்தான் அதிகம் கிடைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பின் உயிர் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம். அமெரிக்க ராணுவத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ‘விரின்’ என்று ஒரு அடையாள எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் தேதி, வருஷம் முதலில். அடுத்து ஓர் எழுத்து எந்தப் படை என்பதற்கு: ஏ என்றால் தரைப்படை, என் கடற்படை, எஃப் விமானப்படை, எம் மரைன், அதாவது கடலிலிருந்து கரையிறங்கிச் சண்டை போடும் படை. அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்து எடுத்தவருக்கான ஒரு குறி, கடைசியில் அன்றைய வரிசை எண். எண்ணைப் பார்த்தாலே யார், எப்போது என்று தெரிந்துவிடும். அதன் கீழே குறிப்பு. முதல் வாக்கியம் நிகழ்காலத்தில், படத்தில் நடப்பதைச் சொல்லும், பதவி, முழுப்பெயர், படைப்பிரிவு, ஊர், நாடு, தேதி. இரண்டாவது வாக்கியம் பின்னணி. கடைசியில் எடுத்தவர் பெயர். ‘வீரம்’, ‘கம்பீரம்’ மாதிரி அடைமொழிகள் கிடையாது. எடுத்த அன்றே எழுதவேண்டும், நாளைக்கு என்று தள்ளினால் நாளைக்கு நீ இருப்பாயா என்று யாருக்குத் தெரியும் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் சொல்வாராம், அங்கே அது வெறும் பேச்சு இல்லை.

இந்தப் பழக்கம் அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. இரண்டாம் உலகப் போரில், 1941இல், பிரிட்டிஷ் ராணுவம் தனக்கென்று ஒரு திரைப்பட, புகைப்படப் பிரிவைத் தொடங்கி, சிப்பாய்களைப் பைன்வுட் ஸ்டூடியோவுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தது. அவர்கள் ஒவ்வொரு சுருளோடும் ‘டோப் ஷீட்’ என்று ஒரு தாள் எழுதி அனுப்புவார்கள், இந்தக் காட்சி எது, எங்கே, யார் என்று. 1945 ஏப்ரலில் நாஜிகளின் பெல்சன் வதைமுகாமுக்குள் போன அந்தப் பிரிவினர் எடுத்ததைத்தான் அதே வருஷம் நடந்த பெல்சன் விசாரணையில் திரையிட்டார்கள். அந்தத் தாள்களை வைத்துத்தான் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் அந்தப் படங்களை அடையாளம் காண்கிறார்கள்.

குறிப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு சார் எடுத்த உதாரணம் எல்லாருக்கும் தெரிந்த படம். ஜப்பானின் இவோ ஜிமா தீவில் 1945 பிப்ரவரி 23 அன்று மலை உச்சியில் அமெரிக்க வீரர்கள் ஆறு பேர் தங்கள் கொடியை நடுகிற படம். எடுத்தவர் ஜோ ரோசன்தால், ஏபி செய்தி நிறுவனத்தின் ஆள், சிப்பாய் இல்லை. பக்கத்தில் நின்று அதே காட்சியைக் கலர் ஃபிலிமில் ஓடவிட்டவர் மரைன் படையின் பில் ஜெனஸ்ட். ரோசன்தாலால் பெயர்களைக் குறித்துக்கொள்ள முடியவில்லை, படத்தில் முகங்களும் தெரியவில்லை. படம் உலகம் முழுக்கப் போன பிறகு ஆறு பேர் யார் என்று தேடினார்கள். தப்பாகச் சொன்னார்கள். 1947இல் ஒரு பெயரைத் திருத்தினார்கள், 2016இல் இன்னொன்று, 2019இல் மற்றொன்று. உலகத்தில் மிக அதிகம் அச்சான படங்களில் ஒன்று, அதில் இருப்பவர்கள் யார் என்று முடிவு பண்ண எழுபது வருஷத்துக்கு மேல். அந்தத் திருத்தங்களுக்கு உதவியதில் ஜெனஸ்ட்டின் ஃபிலிமும் ஒன்று. அந்த மனிதர் அதை எடுத்தபின் மார்ச் 4ஆம் தேதி அதே தீவில் ஒரு குகையில் கொல்லப்பட்டார், உடல் கிடைக்கவே இல்லை.

இதைக் கேட்டபோது எனக்கு என் ஆல்பங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஆயிரக்கணக்கில் படம் எடுத்துக் கொடுக்கிறோம், மேடையில் இடது ஓரத்தில் நிற்கிற அந்தப் பாட்டி யார் என்று இருபது வருஷம் கழித்து அந்த வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. நாம் கொடுப்பது கேமரா தானாகப் பெயர் வைத்த, டிஎஸ்சி தொடங்கி நாலு இலக்கம் போட்ட கோப்புகள். எல்லாப் பக்கமும் உறவு தெரிந்த ஒரு பெரியம்மா ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார். குரூப் படம் எடுத்து முடித்ததும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கைபேசியில் பேசச்சொல்லிப் பதிவு செய்துகொண்டால் வேலை முடிந்தது. இது என் யோசனை, சாரிடம் சொன்னேன், அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். சேர்த்தாரா தெரிந்தால் சொல்லுங்கள்.

படத்தில் எதைத் தொடலாம் என்பது அடுத்த பகுதி. அளவு வெட்டலாம், வெளிச்சம் நிறம் சரிசெய்யலாம், ஒன்றைச் சேர்ப்பதும் நீக்குவதும் கூடவே கூடாது. பாதுகாப்புக்காக ஒரு முகத்தையோ எண்ணையோ மறைத்தால், மறைத்தது பார்த்த உடனே தெரியவேண்டும். கைதிகளின் முகம் வெளியிடக்கூடாது, ஏனென்றால் 1949ஆம் ஆண்டு மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 13ஆவது பிரிவு போர்க்கைதியைப் பொதுமக்கள் வேடிக்கைப் பொருள் ஆக்குவதைத் தடுக்கிறது. 2008இல் அமெரிக்காவின் முதல் பெண் நான்கு நட்சத்திர ஜெனரல் ஆன் டன்வுடியின் படத்தில் பின்னணியை மாற்றி நாட்டுக்கொடியைச் சேர்த்து ராணுவம் வெளியிட்டது, அதைக் கண்டுபிடித்த ஏபி, ராணுவத்தின் டிஜிட்டல் படங்களையே பயன்படுத்துவதை நிறுத்திவைத்தது. ஒரு கொடிக்கு அவ்வளவு. மாப்பிள்ளைக்கு முடி வளர்த்து, வானத்தையே மாற்றிக் கொடுக்கிற கூட்டம் நாங்கள், ஹாலில் கொஞ்சம் சங்கடமான சிரிப்பு.

அதே பகுதியில் ஹில்டா கிளேட்டன் என்கிற அமெரிக்க ராணுவப் புகைப்படக்காரர் பற்றியும் சொன்னார். 2013 ஜூலை 2, ஆப்கானிஸ்தானின் லக்மான் மாகாணம், ஆப்கன் வீரர்களுக்கு மோர்ட்டார் பயிற்சி. குண்டு எறிகிற அந்த மோர்ட்டாரின் குழாய் வெடித்தது. படம் எடுத்துக்கொண்டிருந்த 22 வயது கிளேட்டனும் நான்கு ஆப்கன் வீரர்களும் இறந்தார்கள், அந்த நால்வரில் ஒருவர் அவரிடம் புகைப்படம் கற்றுக்கொண்டிருந்தவர். வெடிக்கும் அந்தக் கணத்தை இருவரின் கேமராவும் பதிவு செய்திருந்தன. குடும்பத்தின் சம்மதத்தோடு 2017இல் ராணுவத்தின் ‘மிலிட்டரி ரிவ்யூ’ இதழ் அந்தப் படங்களை வெளியிட்டது. ராணுவப் புகைப்படக்காரர்களுக்கான ஓர் ஆண்டுப் போட்டிக்கு அவர் பெயரை வைத்தார்கள். சார் படத்தைத் திரையில் போடவில்லை, வேண்டுமானால் வீட்டில் போய்ப் பாருங்கள் என்றார். இந்த ஒரு முடிவுக்காகவே அவர் மேல் மரியாதை வந்தது.

இனி எனக்கு ஒப்பாத விஷயம். மதியம் கேள்வி நேரத்தில் அந்த வயதான பத்திரிகைப் புகைப்படக்காரர் எழுந்து மை லாய் பற்றிக் கேட்டார். 1968 மார்ச் 16, வியட்நாமில் அந்தக் கிராமத்து மக்களை அமெரிக்கச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொன்ற நாள். அந்தப் படையோடு போன ராணுவப் புகைப்படக்காரர் ரொனால்ட் ஹேபர்லியிடம் ராணுவம் கொடுத்த கேமராவில் கறுப்பு வெள்ளைச் சுருள், சொந்த நிக்கானில் கலர்ச் சுருள். கறுப்பு வெள்ளையை அலுவலகத்தில் ஒப்படைத்தார், அதில் குற்றம் எதுவும் தெரியாது. பிணங்கள் கிடக்கிற பாதை கலரில் இருந்தது. அது 1969 நவம்பர் 20 அன்று கிளீவ்லாந்தின் ‘பிளெய்ன் டீலர்’ நாளிதழில் வந்தபோதுதான் உலகம் பார்த்தது. கொல்லும் சிப்பாய்கள் அடையாளம் தெரிகிற சில படங்களைத் தானே அழித்துவிட்டதாகப் பல வருஷம் கழித்து, 2009இல், அதே நாளிதழிடம் அவர் ஒப்புக்கொண்டார். இதைச் சொல்லிவிட்டு பெரியவர் கேட்டது, “உங்க ரெண்டாவது கேமரா எது சார்?”

சாருக்கு முகம் மாறியது. தன் காலத்தில் சொந்தக் கேமராவுக்குக் கட்டுப்பாடு, எடுத்தது எல்லாம் அரசாங்கச் சொத்து, எதை வெளியிடுவது என்று முடிவு செய்ய மேலே ஆட்கள் உண்டு, என் வேலை எடுப்பது, எழுதுவது, ஒப்படைப்பது என்றார். அதோடு அடுத்த ஸ்லைடு. பதில் பொய் என்று சொல்லமாட்டேன், நடைமுறை அதுதான். ஆனால் காலை முழுக்க படம் சாட்சி, குறிப்பு சாட்சி என்று பேசிவிட்டு, அந்தச் சாட்சி யார் கையில் பூட்டிக் கிடக்கிறது என்கிற கேள்வியை அரை நிமிடத்தில் தாண்டிப் போவது சரியில்லை. ஒரு முழு மணி நேரம் கொடுக்கவேண்டிய தலைப்பு இது. அதற்குப் பதிலாக டிரோன் பற்றி முக்கால் மணி நேரம் ஓட்டினார், யூடியூபில் கிடைக்காத எதுவும் அதில் இல்லை.

அதுவும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைத் தாண்ட முடியுமா? நம் ராணுவம் கடல் கடந்து போனது நமக்குப் பக்கத்திலேயே, 1987இல் இலங்கைக்கு. 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் கப்பலில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த மாடியிலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். 2013இல் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் கடைசிப் படங்கள் வெளியானதும், மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்ததும், அது தமிழ்நாடு முழுக்கப் பரவியதும் என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. உயிரோடு பதுங்குகுழியில் உட்கார்ந்திருக்கும் படமும், மார்பில் குண்டுகளோடு கிடக்கும் படமும் சில மணி நேர இடைவெளியில் ஒரே கேமராவில் எடுக்கப்பட்டவை என்று ஆய்ந்தவர்கள் சொன்னார்கள். சண்டையில் தவறிப்போய் இறந்தான் என்கிற வாதம் அந்த இடத்தில்தான் ஆட்டம் கண்டது. காலையில் சார் சொல்லிக்கொடுத்த நேரம், தேதி, கேமரா எல்லாம் எதற்கு என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் எங்களுக்குக் கிடையாது. பெரியவர் இதையும் எடுத்தார். சார் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், “அது எனக்குத் தெரியாத ஏரியா” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது சரி. அடுத்த வகுப்புக்குள் தெரிந்துகொண்டு வரட்டும், ராயபுரத்தில் நடத்துகிறார் இல்லையா.

இன்னும் சில குறைகள். ‘போர்க்களச் சூழல்’ என்று போஸ்டரில் இருந்தது, மதியம் நாங்கள் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது உதவியாளர் பின்னால் லட்சுமி வெடி கொளுத்திப் போட்டதுதான். திடுக்கிட்டால் கை நடுங்கும், அப்போதும் பெயரைப் பிழையில்லாமல் எழுதவேண்டும் என்பது நோக்கமாம். இரண்டாவது வெடிக்குக் கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்து, பேரப்பிள்ளை தூங்குகிறான் என்று சாரையும் சேர்த்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். அன்றைக்கு ஹாலில் நடந்த ஒரே நிஜச் சண்டை அது, அதை யாரும் படம் எடுக்கவில்லை. குண்டு விழுகிற இடத்தில் வேலை பார்த்த மனிதருக்கு இந்தச் சில்லறை வித்தை எதற்கு?

பெண்கள் இரண்டே பேர் வந்திருந்தார்கள், ஹாலில் ஒரே கழிப்பறை, தாழ்ப்பாள் சரியில்லை. காசிமேட்டில் அதுவும் இல்லை. நடத்துபவர்கள் இதை முன்கூட்டியே சொல்லவேண்டும், சரிசெய்யவும் வேண்டும். சைவர்களுக்கு எலுமிச்சை சாதம், ஊறுகாய், அவ்வளவுதான், நெத்திலி வாசனையில் பாவம் அவர்கள். மாலையில் பீச் ஸ்டேஷன் பக்கம் போய் எல்லாரும் அத்தோ சாப்பிட்டோம், அது கட்டணத்தில் சேராது, ஆனால் வகுப்பில் வராத பல கதைகள் அந்தத் தள்ளுவண்டி பக்கத்தில்தான் வந்தன, நேரமிருந்தால் இருந்துவிட்டுப் போங்கள்.

பணத்துக்கு மதிப்பு உண்டா என்றால், ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு இல்லை. கேமராவில் மேனுவல் மோடு கைவராதவர்கள் காசிமேட்டு இருட்டில் திணறினார்கள், சார் அடிப்படை எதையும் சொல்லித் தருவதில்லை. இரண்டு மூன்று வருஷம் தொழிலில் இருப்பவர்களுக்கும், பத்திரிகையில் சேர நினைப்பவர்களுக்கும், வீட்டில் பழைய படப்பெட்டி வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவர்களுக்கும் காலைப் பாதி மட்டுமே 4,500 பெறும். மதியப் பாதிக்கு நான் ஆயிரம் ரூபாய் குறைத்துத்தான் கொடுத்திருப்பேன்.

முன்பதிவுக்கு ஆயிரம் ரூபாய், மிச்சம் அன்று காலை, ஜிபே ஓகே. வண்டியை மீன்பிடித் துறைமுகத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், வெளியே நிறுத்துங்கள், சீட் கவரில் வாடை ஒரு வாரம் போகாது. பழைய செருப்பு, மாற்று உடை, லென்ஸ் துடைக்கத் துணி நாலைந்து. லேமினேட் செய்த சான்றிதழ் தருகிறார்கள், என்னுடையதில் இனிஷியல் மாறி வந்திருக்கிறது, திருத்தித் தருகிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறார்கள்.